துண்டு விலகிய பிறகு

செங்கல்பட்டு
14-6-1954

சௌ. பர்வதத்துக்கு ஏகாம்பரம் எழுதுவது.

இங்கே வீடு, விறகுத் தொட்டி, பசு எல்லாம் நீ விட்டுப் போனபடியே இருக்கின்றன. ரங்கூனில் நீயும் தணிகாசலம் மச்சானும் உன் அண்ணியும் குழந்தையும் எப்படி என்று எழுது.

அண்ணியின் பிரசவத்துக்கு ஒத்தாசை, மூன்று மாசத்தில் வந்துவிடுகிறேன் என்று கப்பல் ஏறினாய். அந்தக் குழந்தை இப்போது நடக்கிறது என்று மச்சான் எழுதியிருக்கிறார். நடக்கிற குழந்தைக்கு என்ன பிரசவ ஒத்தாசை என்று எனக்கு விளங்கவில்லை. கடைத்தெருவில் கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு தினுசாகச் சொல்லிச் சமாளிக்கிறேன். யாரிடம் என்ன சொன்னேன் என்பது எனக்கே மறந்துபோகிறது.

டாக்டர் எனக்கு பிளட் பிரஷர் என்கிறார். ஒரு மாத்திரையைக் கொடுத்து, உப்பைக் குறை, கோபத்தைக் குறை, தூக்கத்தைக் கூட்டு என்று சொல்லி அனுப்பிவிட்டார். உப்பைக் குறைத்தாயிற்று. மற்ற இரண்டும் கடையில் கிடைக்கிற சரக்கு இல்லை.

போன கடிதத்தில் நீ ஒன்று எழுதியிருந்தாய். சாயங்காலத்தில் பர்மாக்காரர்களின் தியான மடத்துக்குப் போய் அரை மணி நேரம் மூச்சைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறாய் என்று. "உங்களால் ஒரு அரை மணி சும்மா உட்கார முடியுமா? முடிந்தால் அப்புறம் நான் வருவதைப் பற்றிப் பேசலாம்" என்று. படித்தவுடன் கடிதத்தைத் தூக்கிப் போட்டேன். பிறகு எடுத்து இன்னொரு தரம் படித்தேன்.

தலைச்சுமையாக விறகு விற்றவன் நான். இன்றைக்குக் கால்வாயில் என் சவுக்குக் கட்டை ஏறாத படகு குறைவு. சும்மா உட்கார்ந்திருந்தால் இதெல்லாம் வந்திருக்காது. ஆனாலும் சரி. இதை ஒரு பேச்சாக வைத்துக்கொள்வோம். நான் உட்காருகிறேன். நீ வருகிறாய். எப்படி உட்காரவேண்டும், எத்தனை நாள் என்பதை விவரமாக எழுது.

ஏகாம்பரம்


ரங்கூன்
3-7-1954

செங்கல்பட்டு வீட்டுக்காரருக்கு பர்வதத்தின் நமஸ்காரம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லாரும் சுகம். இங்கே விடாத மழை. துணி காய்வதில்லை.

வருவதைப் பற்றிப் பேசலாம் என்றுதான் எழுதினேன். வருகிறேன் என்று எழுதவில்லை. நீங்கள் அதற்குள் கையைக் கொடுத்துப் பேசி முடித்துவிட்டீர்கள். அது கிடக்கட்டும். முறையைக் கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன்.

காலையில் வேலை தொடங்குமுன் சுவரோரம் உட்காருங்கள். சம்மணம் வலித்தால் காலை நீட்டிக்கொள்ளலாம், குற்றமில்லை. கண்ணை மூடுங்கள். மூச்சை இழுக்கவோ அடக்கவோ வேண்டாம், அது பாட்டுக்குப் போய் வரும். உள்ளே வரும்போது வயிறு எழும்பும், வெளியே போகும்போது தாழும். அதை மட்டும் கவனியுங்கள். நடுவில் தொட்டி, படகு, லாரி எல்லாம் வரும். வந்தால் 'நினைப்பு' என்று மனசுக்குள் ஒரு தரம் சொல்லிவிட்டுத் திரும்ப வயிற்றுக்கு வாருங்கள். அந்த நினைப்போடு சண்டை போடாதீர்கள், பின்னாலும் போகாதீர்கள். இவ்வளவுதான். முதலில் கால் மணி போதும்.

நான் முதல் நாள் உட்கார்ந்தபோது அழுதுவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பர்மாக்காரி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

எத்தனை நாள் என்று கேட்காதீர்கள்.

பர்வதம்


செங்கல்பட்டு
25-7-1954

சௌ. பர்வதத்துக்கு,

உன் கடிதம் வந்த மறுநாளே தொடங்கிவிட்டேன். உள்ளதைச் சொல்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை.

கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்து கண்ணை மூடினேன். நாலு மூச்சு ஒழுங்காகப் போனது. ஐந்தாவதில் திருப்போரூர்க்காரனுக்கு அனுப்பிய மிலார் விறகுக் கட்டு ஈரமாயிற்றே, எடையில் தகராறு பண்ணுவானே என்று தோன்றியது. 'நினைப்பு' என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று மனசு பாதிக் கடிதம் எழுதிவிட்டது. இழுத்து வந்து வயிற்றில் விட்டேன். மறுபடி ஓடியது. சந்தையில் கயிறு அறுத்துக்கொண்ட மாட்டைப் பிடிப்பதும் இதுவும் ஒன்றுதான். மாட்டையாவது நாலு பேர் சேர்ந்து பிடிப்பார்கள்.

சமையலுக்கு வருகிற வேண்டா மூன்று நாள் பார்த்தாள். நாலாம் நாள் எதிரில் வந்து நின்றாள். "இன்னா நைனா, காலைலயே கண்ணை மூடிகினு குந்திகினு கீற? மேலுக்கு முடியலியா?" என்றாள். உன் பெயரைச் சொல்லி, உன் உத்தரவு என்றேன். "அம்மா அங்கருந்தே உன்னைக் குந்த வெச்சுட்டாங்களே. இங்க இருந்தப்ப ஒரு வாய் சோத்துக்குக் கூட உன்னைக் குந்த வெக்க முடியல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சம்பளம் கொடுக்கிறவன் நான், பேச்சு வாங்குகிறவனும் நான்.

தொட்டிக்கு நேரம் கழித்துப் போவதால் தெருவில் வேறு பேச்சு. முதலாளிக்கு வாய்வு, முதலாளி தொழிலை விடப்போகிறார் என்கிறார்கள். பாதி நாள் தூங்கியும் போகிறேன். ஒரு நாள் குறட்டை விட்டேனாம். அது கணக்கில் சேருமா?

வயிறு எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. கவனித்தால் பசிக்கிறது. வேறு ஏதாவது வழி இருந்தால் எழுது. இந்த உட்காரலில் லாபம் எங்கே இருக்கிறது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் பேசினபடி நிறுத்தாமல் செய்கிறேன்.

ஏகாம்பரம்


ரங்கூன்
14-8-1954

செங்கல்பட்டு வீட்டுக்காரருக்கு நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். குறட்டை என்ற இடத்தில் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ரொம்ப நாளாயிற்று உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்து.

தூக்கம் வந்தால் தூங்குங்கள். உங்களுக்கு அதுவும் தேவைதான். மாட்டைப் பிடிக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். பிடிக்க வேண்டாம். ஓடுகிறது என்று தெரிந்ததே, அதுவே போதும். தெரிந்த இடத்திலிருந்து திரும்ப வந்துவிடுங்கள். நூறு தரம் ஓடினால் நூறு தரம் வரலாம். இங்கே சொல்லிக் கொடுக்கிறவரும் அப்படித்தான் வருகிறாராம்.

வயிறு வேண்டாமென்றால் கையை வைத்துக்கொள்ளுங்கள். மடியில் ஒரு கை மேல் ஒரு கையைப் போட்டு, உள்ளங்கையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். சூடா, குளிர்ச்சியா, துடிப்பா, ஒன்றும் இல்லையா. நல்லது கெட்டது என்று பிரிக்காதீர்கள். உங்கள் ஆயுசில் பாதி நீங்கள் கையால்தான் வாழ்ந்தீர்கள். அது உங்களுக்குச் சுலபமாக வரும் என்று தோன்றுகிறது.

வேண்டாவுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுங்கள்.

பர்வதம்


செங்கல்பட்டு
19-9-1954

சௌ. பர்வதத்துக்கு,

சந்தோஷமான சமாசாரம். நீ சொன்ன கை வழி பலித்துவிட்டது.

பத்து நாள் போல ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு காலை, உள்ளங்கை நடுவில் வெதுவெதுப்பு தெரிந்தது. அப்புறம் விரல் நுனியில் நாடி. ஒவ்வொரு விரலிலும் தனித்தனியாக அடிக்கிறது. இத்தனை வருஷம் என் கையிலேயே இருந்திருக்கிறது, நான் பார்த்ததில்லை. கால் மணி போனதே தெரியவில்லை. தூக்கம் கொஞ்சம் வருகிறது. டாக்டர் பிரஷர் பட்டையைக் கையில் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார், நல்லவிதமாக.

அதோடு நிற்கவில்லை. கேள்.

நெம்மேலியில் கடலோரம் ஹயாத் பாஷாவின் சவுக்குத் தோப்பு உனக்குத் தெரியும். நம் கடைத்தெரு ஹயாத் பாஷாதான். மகாபலிபுரம் போகும்போதெல்லாம் இது எப்போது வெட்டுக்கு வரும் என்று நான் பார்த்துக்கொண்டே போவேன். போன வாரம் மரம் மட்டும் விலைக்கு வந்தது. தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு வழக்கம்போல் இரண்டு பேர் கை மேலும் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலைப் பிடித்து விலை பேசினோம். பாஷா பழைய ஆள். முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார். போன தடவை என்னை அரை நாள் நிற்க வைத்தவர்.

இந்தத் தடவை நான் விரலை மட்டும் பார்க்கவில்லை. நீ சொன்னபடி கையைப் பார்த்தேன். அவர் உள்ளங்கை ஜில்லென்று வேர்த்திருந்தது. மணிக்கட்டில் நாடி தட்டித் தட்டி ஓடியது. வாயால் "கட்டுப்படியாகாது முதலாளி" என்கிறார், கை சொல்வது வேறு. மனுஷனுக்கு அவசரம், இன்றைக்கே முடித்தாக வேண்டும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. நான் அசையவில்லை. மூச்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரே இறங்கி வந்தார். அவர் மனசில் வைத்திருந்த விலைக்கு வெகு கீழே முடிந்தது. துண்டை எடுத்தபோது சுற்றி நின்ற தரகர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

உன் தியானத்தில் லாபம் எங்கே என்று கேட்டிருந்தேன் அல்லவா, அந்தப் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நான் சொன்னபடி உட்கார்ந்துவிட்டேன், பலனும் கண்டுவிட்டேன். இனி உன் பக்கம். தை மாசத்துக்குள் வருகிற மாதிரி மச்சானைக் கப்பல் டிக்கெட்டுக்குச் சொல்லி வைக்கச் சொல். துறைமுகத்துக்கு நானே வருகிறேன்.

வேண்டாவுக்குப் புடவை எடுத்தாயிற்று. பச்சை நிறம் பிடிக்கவில்லையாம்.

ஏகாம்பரம்


ரங்கூன்
8-10-1954

வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதம் வந்தது.

என் அம்மா போன அன்று நீங்கள் மகாபலிபுரத்துக்கு வந்தீர்கள். மாலை வாங்கி வந்தீர்கள், குறை சொல்வதற்கில்லை. அம்மாவைக் குளிப்பாட்ட எடுத்தபோது நான் உங்களைத் தேடினேன். பக்கத்தில் வந்து நின்றால் போதும் என்று இருந்தது. வாசலுக்கு வந்து பார்த்தேன். தெருமுனையில் யாரோ ஒரு தோப்புக்காரரோடு நின்றுகொண்டிருந்தீர்கள். இரண்டு பேர் கை மேலும் துண்டு கிடந்தது. நான் உள்ளே போய்விட்டேன்.

அதைப் பற்றி அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அண்ணி பிரசவம் வந்தது, கிளம்பினேன். நான் ஏன் வரவில்லை என்று நீங்கள் எழுதும்போதெல்லாம் அந்தத் துண்டுதான் ஞாபகம் வருகிறது.

ஒரு மனிதனின் கை ஜில்லென்று வேர்த்திருப்பது தெரிந்ததும் உங்களுக்கு விலைதான் தெரிந்தது. ஏன் வேர்க்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. இதற்காகவா நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன்?

இனி நான் முறை எதுவும் எழுதப்போவதில்லை. டிக்கெட்டுக்கும் சொல்லவில்லை.

பர்வதம்


செங்கல்பட்டு
12-12-1954

பர்வதத்துக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதி, கிழித்துவிட்டேன். கோபமாக எழுதியிருந்தேன். அன்றைக்கு அந்தத் தோப்பு கை நழுவியிருந்தால் அந்த வருஷமே போயிருக்கும் என்று நியாயம் எல்லாம் எழுதியிருந்தேன். மறுநாள் காலையில் உட்கார்ந்தபோது அந்த நியாயம் வந்தது. 'நினைப்பு' என்றேன். போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

பாஷாவின் கை ஏன் வேர்த்தது என்று நீ கேட்டதால் விசாரித்தேன். அவர் வீட்டம்மா ரோஷன் பீவியை முந்தின நாள்தான் இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். வயிற்றில் கட்டி. அவளை அங்கே விட்டுவிட்டுத்தான் பஸ் ஏறி நெம்மேலிக்கு வந்திருக்கிறார். பேச்சு முடிந்ததும் அடுத்த பஸ்ஸுக்கு ஓடினார். விற்ற சந்தோஷத்தில் ஓடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பாஷா வீட்டுக்குப் போனேன். விலையை மாற்றி முடிப்போம் என்று சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். "துண்டு விலகினப்புறம் விலை மாறுமா முதலாளி? நாளைக்கு என் பேச்சை எவன் நம்புவான், உன் பேச்சை எவன் நம்புவான்" என்றார். நானும் அவருடைய இடத்தில் அதையேதான் சொல்லியிருப்பேன். எழுந்து வந்துவிட்டேன். அது அப்படியேதான் நிற்கிறது. நான் சரி பண்ணிவிட்டேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கார்த்திகை நடுவில் ரோஷன் பீவி இறந்துபோனாள். ஆப்பரேஷன் செய்தும் நிற்கவில்லை. சேதி தொட்டிக்கு வந்தபோது லாரியில் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. போனேன். வாசலில் பந்தல் போட்டு பெஞ்சு போட்டிருந்தார்கள். பாஷாவின் பக்கத்தில் இடம் இருந்தது, உட்கார்ந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதே ஜில்லிப்புதான். இந்தத் தடவை துண்டு தோளில் இருந்தது.

நடுவில் படகுக்காரர் காஜா மொய்தீன் குனிந்து என் காதில், "ஏகாம்பரண்ணே, படூர்ப் பக்கம் ஒரு தோப்பு வந்துகீது. அப்படி ஓரமா வா, ரெண்டு வார்த்தை" என்றார். அப்புறம் பார்க்கலாம் என்றேன். "அப்புறம்னா போயிடும்ணே. இன்னிக்கே கேக்கறான்." போகட்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நெற்றியில் கை வைத்துப் பார்க்காத குறை. எழுந்து போகவேண்டும் என்று கால் பரபரத்தது, பொய் சொல்லமாட்டேன். பரபரப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஜனாஸா எடுத்து, அடக்கத்துக்குப் பள்ளிவாசல் வரை கூடப் போனேன். நான் வீடு வருவதற்குள் அந்தத் தோப்பு வேறு ஆளுக்கு முடிந்துவிட்டது.

உன் அம்மாவின் விஷயத்தில் நான் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. நீ பார்த்தது சரிதான். தெருமுனையில் நின்றது நான்தான்.

பசு கன்று போட்டிருக்கிறது. கிடாரி.

ஏகாம்பரம்


ரங்கூன்
9-1-1955

செங்கல்பட்டு வீட்டுக்காரருக்கு பர்வதத்தின் நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தை நாலைந்து தரம் படித்தேன். அதில் எப்போது வருகிறாய் என்ற வரி இல்லை. மறந்துவிட்டீர்களோ என்று திருப்பிக்கூடப் பார்த்தேன்.

ரோஷன் பீவியை எனக்குத் தெரியும். ஜவுளிக்கடையில் பார்த்தால் சிரிப்பாள். பாஷாவிடம் நான் துக்கம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்களிடம் உண்மையைத்தான் சொல்லவேண்டும். உங்கள் கடிதம் வந்த பிறகு உட்கார்ந்து பார்த்தேன். கோபம் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. எப்போது போனதோ தெரியவில்லை. சரி, கோபம் போய்விட்டதே, கிளம்பலாம் என்ற ஆசை வருகிறதா என்று பார்த்தேன். அதுவும் வரவில்லை. ஒரு மாசம் காத்திருந்துவிட்டு எழுதினால் மாறியிருக்குமோ என்று யோசித்தேன். அது உங்களை நிற்கவைத்துப் பேரம் பேசுகிற மாதிரி ஆகும் என்று இப்போதே எழுதுகிறேன்.

நான் வரவில்லை. இங்கே அண்ணனோடு இருக்கிறேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். பின்னால் மனசு மாறுமா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நீங்கள் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

நான் வருவதற்காகத்தான் உட்கார்ந்தீர்கள் என்றால், இதோடு நிறுத்திவிடலாம். நான் தப்பாக நினைக்கமாட்டேன். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

பர்வதம்


செங்கல்பட்டு
6-2-1955

பர்வதத்துக்கு ஏகாம்பரம் எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. படித்தேன்.

பேச்சு முறிந்தால் நாங்கள் கையை எடுத்துக்கொண்டு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வோம். அப்புறம் அதே ஆளோடு டீக்கடைக்குப் போவோம். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை என்றுதான் இத்தனை நாள் சொல்லி வந்தேன். இதில் வருத்தம் இருக்கிறது. நெஞ்சுக்குக் கீழே, கல் மாதிரி. காலையில் பெரியதாக இருக்கிறது, தொட்டி திறந்ததும் சிறுத்துவிடுகிறது.

கடிதம் வந்த அன்றே, இனி உட்கார வேண்டிய அவசியமில்லை என்று முடிவு கட்டினேன். சரக்கு வராத இடத்தில் வண்டி எதற்கு நிற்கவேண்டும்? மறுநாள் எழுந்து பல் விளக்கினேன். பழக்கத்தில் சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டேன். பாதியில்தான் ஞாபகம் வந்தது, இது எதற்கு, நிறுத்திவிட்டோமே என்று. ஞாபகம் வந்தது, போனது. மிச்ச நேரமும் உட்கார்ந்தேன்.

நெம்மேலித் தோப்பு வெட்டி முடிந்தது. ரோட்டில் பஸ்ஸிலிருந்து பார்த்தால் இப்போது கடல் தெரிகிறது. முன்பு சத்தம்தான் கேட்கும். பாஷா அங்கே மறுபடி கன்று வைக்கப்போகிறாராம். நாற்று நான் கொடுக்கிறேன் என்றேன், அதை வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

உன் பெட்டியில் பூச்சி விழாமல் வேண்டா வேப்பிலை போட்டு வைத்திருக்கிறாள். அதில் உனக்கு வேண்டியதைச் சொன்னால் ரங்கூன் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். வீட்டுச் சாவி ஒன்று அவளிடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எப்படி என்று எழுது.

இங்கே தைப் பனி இன்னும் விடவில்லை. சிமெண்டுத் தரை சில்லென்று ஏறுகிறது. துண்டை நாலாக மடித்து அடியில் போட்டுக்கொண்டு உட்காருகிறேன். இன்றைக்கும் உட்கார்ந்தேன்.

ஏகாம்பரம்